படுக்கையா, பயிற்சியா: வீடற்ற முன்னாள் படைவீரர்களுக்கு எதற்குக் கொடுப்பது?

கேள்வி, 2025 ஜனவரி 4

ஹூஸ்டனில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத் தமிழர்கள் சேர்ந்து ஆண்டுக்கொரு முறை ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டுவோம். இந்த முறை வீடில்லாமல் தெருவில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கு என்று முடிவு. எனக்கு இரண்டு சந்தேகங்கள். ராணுவத்தில் இருந்தவருக்குப் பென்ஷன் வருமே, அவர் எப்படித் தெருவுக்கு வந்தார்? அடுத்தது, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தால் அது அன்றோடு தீர்ந்துவிடும். தொழிற்பயிற்சிக்குக் கொடுத்தால் காலத்துக்கும் நிற்கும் என்கிறேன். சரிதானே? இதே ஊரில் இப்படிப்பட்ட ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதும் அண்ணன் ஒருவர் இங்கே எழுதுவார். அவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஜனவரி 4, இரவு

பென்ஷன் வராது, தம்பி. இந்தியாவில் ஜவானாகச் சேர்ந்தவருக்கு 15 ஆண்டு முடிந்தால் ஓய்வூதியம். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. அமெரிக்கப் படைகளில் மாதாமாதம் ஓய்வூதியம் வேண்டுமென்றால் 20 ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும். பெரும்பாலோர் அதற்கு வெகு முன்பே வெளியே வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் படிப்புச் செலவு உண்டு, வீட்டுக் கடனில் சலுகை உண்டு. வீட்டுக் கடன் சலுகையை வைத்துக்கொண்டு பாலத்தடியில் படுப்பவர் என்ன செய்வார் என்று கேட்காதீர்கள்.

பணியில் இருந்தபோது உடம்போ மனமோ கெட்டிருந்தால் ஊனத்தொகை உண்டு. அதுவும் தானாக வந்து சேராது. விண்ணப்பிக்க வேண்டும், இந்த முழங்கால் படையில்தான் போயிற்று என்று ஆவணத்தோடு காட்ட வேண்டும். பத்துப் பத்தாக நூறு சதவிகிதம் வரை தரம் பிரிப்பார்கள். நூறு வாங்கியவருக்கு, மனைவி மக்கள் இல்லையென்றால், 2024 கணக்கில் மாதம் 3,700 டாலருக்குச் சற்று மேல். பத்து வாங்கியவருக்கு 171 டாலர். விண்ணப்பமே போடாதவருக்கு ஒன்றும் இல்லை. எங்களிடம் வருகிறவர்களில் இந்தக் கடைசி வகை நிறைய.

இரண்டாவது கேள்விக்கு நாளை எழுதுகிறேன். அதில் எனக்குக் கோபம் உண்டு, தூங்கி எழுந்து எழுதினால் கொஞ்சம் தணியும்.

ஜனவரி 5

தணியவில்லை.

"தொழில் கற்றுக்கொடுத்தால் போதும்" என்பது கொடுப்பவருக்கு மனநிறைவு தரும் வாக்கியம். வெல்டிங் தீப்பொறி பறக்கும் புகைப்படம் கிடைக்கும், ஆண்டறிக்கையின் அட்டையில் போடலாம். எங்களிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கடற்படையில் இயந்திர அறையில் இருந்தவர். ஒரு நன்கொடையாளர் வெல்டிங் வகுப்புக் கட்டணம் முழுவதையும் கட்டினார். அப்போது அவர் தங்கியிருந்தது வேறோர் இரவுத் தங்குமிடத்தில். அங்கே மாலை ஏழு மணிக்குள் வரிசையில் நின்று கையெழுத்துப் போடவில்லையென்றால் அன்றைய படுக்கை அடுத்தவருக்கு. வகுப்பு முடிவது ஆறரைக்கு. நடுவில் இரண்டு பஸ் மாற வேண்டும். ஆகவே தினமும் முக்கால் மணி நேரம் முன்னதாகவே வகுப்பை விட்டுக் கிளம்பினார். தலைக்கவசமும் தோல் கையுறையும் அவருக்கே சொந்தமாகக் கொடுக்கப்பட்டவை, ஆனால் வைக்க இடமில்லை. பையோடு தலைக்கு வைத்துப் படுத்தார். ஒரு காலையில் பை இல்லை. அத்தோடு வகுப்பும் இல்லை.

அந்த ஆண்டின் "பயிற்சியில் சேர்ந்தோர்" எண்ணிக்கையில் அவரும் ஒருவர். நானே கூட்டிப் போட்ட எண்.

என் பதில் இதுதான்: உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு முதலில். பிறகு மற்றதெல்லாம்.

ஜனவரி 5, மாலை

ஒருவர் கேட்கிறார்: "குடியை விட்ட பிறகுதானே வீடு கொடுக்க வேண்டும்?" ஐயா, வீட்டுக்குள் இருந்துகொண்டு குடிப்பவர்களை நாம் யாரும் வெளியே தள்ளுவதில்லையே. முன்னாள் படைவீரர் நலத் துறை (இங்கே எல்லோரும் வி.ஏ. என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்) 2012 முதலே "முதலில் வீடு" என்ற வழியைக் கொள்கையாக எடுத்துக்கொண்டது. அந்த வழியில் சிகிச்சை நிபந்தனை அல்ல. வீட்டில் குடியேறிய பிறகு சமூகப் பணியாளர் வந்து பார்த்துப் பேசிச் சேர்த்துவிடுவார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குடியை விட்ட சிலர், பக்கத்து அறையில் பாட்டில் திறக்கும் சத்தம் கேட்டாலே தாங்க மாட்டேன், குடிக்காதவர்கள் மட்டும் இருக்கும் இடம் வேண்டும் என்று அவர்களாகவே கேட்பார்கள். அப்படிப்பட்ட இடைக்காலத் தங்குமிடங்களும் தேவை. ஒரே சாவியால் எல்லாக் கதவையும் திறக்க முடியாது.

ஜனவரி 8

எண்கள் கேட்டிருந்தார்கள்.

ஜனவரியின் கடைசிப் பத்து நாட்களில் ஏதாவது ஓர் இரவைக் குறித்து, நாடு முழுவதும் வீடற்றவர்களை எண்ணுவார்கள். 2010இல் அப்படி எண்ணியபோது முன்னாள் படைவீரர்கள் 74,087 பேர். 2024இல் 32,882. பாதிக்கும் கீழே. அதே 2024 எண்ணிக்கையில் மொத்த வீடற்றோர் 7,71,480. முந்தைய ஆண்டைவிட 18 சதவிகிதம் கூடுதல். எல்லோருக்கும் ஏறிய ஆண்டில் இவர்களுக்கு மட்டும் இறங்கியிருக்கிறது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. காசு ஒதுக்கினார்கள், ஆளும் போட்டார்கள்.

பெரிய திட்டத்தின் பெயர் ஹட்-வாஷ். வீட்டுவசதித் துறை வாடகை வவுச்சர் தரும், வி.ஏ. ஒரு சமூகப் பணியாளரைத் தரும். குடியிருப்பவர் தம் வருமானத்தில் சுமார் 30 சதவிகிதத்தை வாடகையாகக் கட்டினால் போதும், மிச்சம் வவுச்சரில். 1992இல் சிறிதாகத் தொடங்கி, 2008 முதல் பெரிதானது. இன்னொன்று எஸ்.எஸ்.வி.எஃப். வீடு போகும் நிலையில் இருப்பவரைக் காப்பாற்றவும், போனவரை விரைவாக வாடகை வீட்டில் ஏற்றவும் தொண்டு நிறுவனங்களுக்குத் தரும் மானியம். மூன்றாவது இடைக்காலப் படுக்கைகளுக்கு, தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தரும் மானியம்.

2015 ஜனவரியில் நியூ ஆர்லியன்சும் அதே ஆண்டு ஜூனில் நம் ஹூஸ்டனும் "படைவீரர் வீடின்மை முடிந்தது" என்று அறிவித்தன. "நேற்றுகூட நெடுஞ்சாலைப் பாலத்தடியில் பார்த்தேனே" என்று சண்டைக்கு வராதீர்கள். புதிதாகத் தெருவுக்கு வருகிறவரைத் தாமதமின்றி வீட்டில் ஏற்றும் ஏற்பாடு அமைந்துவிட்டது என்பதே அந்த அறிவிப்பின் பொருள். ஒருவருமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், அரசியல்வாதிகள்தானே, ஆனால் சொல்லவில்லை.

ஜனவரி 9

"அரசாங்கமே இவ்வளவு செய்கிறதென்றால் எங்கள் பணம் எதற்கு?" தம்பி கேட்டதிலேயே நல்ல கேள்வி இது.

வவுச்சர் வாடகையைத் தரும். ஆனால் வாடகைக்கு முன்னால் ஒரு கும்பல் நிற்கிறது: விண்ணப்பக் கட்டணம், முன்பணம், பழைய மின்கட்டண பாக்கி (அதைக் கட்டாமல் புது இணைப்புக் கிடைக்காது), பிறப்புச் சான்றிதழ் நகல், அடையாள அட்டை. அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், பிறப்புச் சான்றிதழுக்கு அடையாள அட்டை கேட்பார்கள். வவுச்சர் கையில் வந்ததிலிருந்து வீடு தேட 120 நாள் தருகிறார்கள். கேட்பதற்கு அது நிறைய நாள் போலத் தோன்றும். வவுச்சர் என்றதும் "இப்போது காலி இல்லை" என்று சொல்லும் வீட்டுக்காரர்களைத் தாண்டி, பழைய வெளியேற்ற வழக்கு ஒன்று பெயரில் இருப்பவருக்கு அது சொற்பம். சிலவற்றுக்கு எஸ்.எஸ்.வி.எஃப். பணம் தரலாம், ஆனால் அதற்கும் தகுதி, கோப்பு, கையெழுத்து. வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்பார். மானியம் அடுத்த வாரம் வரும். வீடு திங்களன்று வேறொருவருக்குப் போய்விடும். வெள்ளிக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவில் செக் எழுதுவது தனியார் நன்கொடையிலிருந்துதான். எழுதுவது நான்தான், அதனால் தெரியும்.

பிறகு வீடு கிடைத்துவிடும். சாவி கொடுப்பார்கள். உள்ளே போனால் தரைவிரிப்பும் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும். வேறொன்றும் இல்லை. வவுச்சர் கட்டில் தராது. குளியல் திரை தராது; திரை இல்லாமல் குளித்தால் தண்ணீர் கீழ்வீட்டுக்குப் போகும், முதல் வாரத்திலேயே புகார். கழிப்பறை அடைப்பெடுக்கும் குச்சி, துடைப்பம், ஒரு வாணலி, ஒரு தட்டு, விரிப்பு, குப்பைப் பை. ஒரு பெரியவருக்கு உணவு வங்கியிலிருந்து பெட்டி நிறைய டின் உணவு கொண்டுபோய்க் கொடுத்தோம். அவரிடம் டின் திறப்பான் இல்லை. பீன்ஸ் டின்னைக் கான்கிரீட் படியில் தேய்த்துத் தேய்த்து விளிம்பை அறுத்துத் திறந்து வைத்திருந்தார். சுத்தமாக அறுத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும், எனக்கு வராது. அன்றிலிருந்து எங்கள் குடியேற்றப் பெட்டியில் முதலில் போடுவது டின் திறப்பான்.

இவை எதுவும் ஆண்டறிக்கை அட்டையில் வராது.

ஜனவரி 11

பழைய மெத்தை தருவதாக மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். மூட்டைப்பூச்சி ஒரு வீட்டுக்கு வந்தால் கட்டடம் முழுவதற்கும் வரும், வவுச்சர்காரர் மீதுதான் பழி விழும். மேசை, நாற்காலி, பாத்திரம் கொடுங்கள். மெத்தைக்குப் பணமாகக் கொடுங்கள்.

1990களின் கணினித் திரை ஒன்று வேண்டுமா என்று கேட்டவருக்கு: உங்கள் வீட்டில் இடம் அடைப்பது எங்கள் கிடங்கிலும் இடம் அடைக்கும்.

ஜனவரி 30

எண்ணிக்கைக்குப் போய் வந்தேன். குழுவாகப் போய், போனில் உள்ள படிவத்தைப் பார்த்துக் கேட்பது. எப்படிக் கேட்கிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. போர்முனைக்குப் போகாதவர்களும் பெண்களும் தங்களை முன்னாள் படைவீரராக எண்ணுவதே இல்லை. "எந்தப் படையிலாவது பணியாற்றியதுண்டா, மாநிலக் காவல்படையிலோ (நேஷனல் கார்டு) சேமப்படையிலோ?" என்று விரித்துக் கேட்டால்தான் ஆம் என்று வரும்.

இதே வாரம் எனக்கு வேறொரு கலக்கம். 27ஆம் தேதி இரவு, மத்திய மானியங்களை எல்லாம் நிறுத்தி வைக்கச் சொல்லி ஓர் ஆணை. 29ஆம் தேதி அதைத் திரும்பப் பெற்றார்கள். நடுவில் நான் தூங்கவில்லை. நாள்கணக்கு மானியம் என்பது செலவு செய்த பிறகு வருவது. படுக்கையில் ஆள் இருந்த இரவுக்கு மட்டும் பணம். காலிப் படுக்கைக்குக் கிடையாது. ஆனால் காவலாளி சம்பளமும் மின்கட்டணமும் படுக்கை காலியா என்று பார்ப்பதில்லை. கையிருப்பு இல்லாத நிறுவனம் ஒரு மாதத் தாமதத்திலேயே சாய்ந்துவிடும். எனவே "நிர்வாகச் செலவுக்கு என் காசு போகக் கூடாது" என்று எழுதி அனுப்பும் அன்பர்களே, அந்தக் காவலாளிதான் நிர்வாகச் செலவு. நானும்தான், ஆனால் என்னை இலவசமாகவே வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 2

"ராணுவத்தில் இருந்தேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமே?" சொல்லலாம். டிடி-214 என்ற ஒற்றைத் தாள் இருக்கிறது, படையிலிருந்து விடுவிக்கும் சான்று. அதில்தான் எல்லாம். அது தொலைந்திருந்தாலும் வி.ஏ. தன் பதிவேட்டில் பார்த்து உறுதிசெய்யும், ஆகவே ஏமாற்றுவது அவ்வளவு எளிதல்ல. மிக முதியவர்களுக்கு வேறு சிக்கல்: 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் நடந்த தீ விபத்தில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போய்விட்டன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் கோப்புகள்தான் அதில் பெரும்பகுதி.

அதே தாளில் எந்த வகை விடுவிப்பு என்றும் இருக்கும். மதிப்போடு விடுவித்தல் தொடங்கி, ராணுவ நீதிமன்றம் அவமதிப்போடு வெளியேற்றுவது வரை ஐந்து படி. நடுவில் உள்ள படியில் சிக்கியவர்கள்தான் அதிகம் பாடுபடுகிறார்கள். போரிலிருந்து திரும்பி, தூக்கம் கெட்டு, கஞ்சாச் சோதனையில் அகப்பட்டு, அல்லது சொல்லாமல் சில நாள் காணாமல் போய், வழக்கில்லாமல் அனுப்பப்பட்டவர்கள். எந்த நோய்க்கு மருத்துவம் வேண்டுமோ அந்த நோயே அவர்களுக்கு மருத்துவம் கிடைக்காமல் செய்துவிட்டது. வீடு தொடர்பான திட்டங்கள் இப்போது இவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. முழு மருத்துவ உரிமைக்கு இன்னும் தனித்தனியாகப் பரிசீலனை. விடுவிப்பு வகையை மாற்றக் கோரி விண்ணப்பிக்கலாம், அதற்கு வழக்கறிஞர் வேண்டும். உங்களில் வழக்கறிஞர் யாராவது இருந்தால் காசு வேண்டாம், சனிக்கிழமை மதியம் கொடுங்கள்.

பிப்ரவரி 16

தொழிற்பயிற்சியைப் போட்டுச் சாத்திவிட்டதாகத் தம்பி வருத்தப்பட்டுத் தனியாக எழுதியிருந்தார். சாத்தவில்லை. யாருக்கு, எப்போது என்று பிரித்துச் சொல்லாமல் விட்டேன், இப்போது சொல்கிறேன்.

வியட்நாம் போர் 1975இல் முடிந்தது. அன்று இருபது வயது என்றாலும் இன்று எழுபது. எங்களிடம் வருகிறவர்களில் அவர்கள் கணிசம். அவருக்கு என்ன தொழில் கற்றுக்கொடுப்பீர்கள்? அவருக்கு வேண்டியது மாடிப்படி இல்லாத வீடு, மருந்து எடுத்துக்கொடுக்க ஓர் ஆள்.

நாற்பதுக்குக் கீழே இருப்பவருக்குப் பயிற்சி உயிர். ஆனால் அவருக்குத் திறமை இல்லை என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். இருக்கிற திறமைக்கு வெளியுலகத்தில் தாள் இல்லை, அவ்வளவுதான். ஈராக்கில் ராணுவச் சரக்கு வண்டி ஓட்டியவருக்கு இங்கே கனரக உரிமம் வேண்டும். படையில் இரண்டு ஆண்டு அப்படிப்பட்ட வண்டி ஓட்டியிருந்தால் ஓட்டிக் காட்டும் தேர்விலிருந்து விலக்கு உண்டு. நல்ல சலுகை. ஆனால் அந்த வேலையை விட்டு ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தெருவுக்கு வந்து சேர்வதற்குள் அந்த ஆண்டு கடந்திருக்கும்.

அதைவிடக் கொடுமை, சாதாரண ஓட்டுநர் உரிமமே முடக்கப்பட்டிருக்கும். பிள்ளைகளின் பராமரிப்புத் தொகை பாக்கி என்றால் டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில் உரிமத்தை முடக்கலாம். வேலை இல்லாததால் பாக்கி, பாக்கியால் உரிமம் இல்லை, உரிமம் இல்லாததால் வேலை இல்லை. சான் டியாகோவில் 1988இல் முன்னாள் படைவீரர்களே சேர்ந்து மூன்று நாள் முகாம் ஒன்று நடத்தினார்கள்: சாப்பாடு, முடிவெட்டு, பல் மருத்துவர், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் ஒரே மைதானத்தில். வந்தவர்கள் அதிகம் கேட்ட உதவிகளில் ஒன்று பழைய அபராத வழக்குகளைத் தீர்த்துத் தாருங்கள் என்பது. அடுத்த ஆண்டு நீதிமன்றத்தையே முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். நீதிபதி மைதானத்தில் உட்கார்ந்து விசாரித்தார். இன்று நாட்டின் பல நகரங்களில் அப்படிப்பட்ட முகாமும் நீதிமன்றமும் நடக்கின்றன. தொழிற்பயிற்சியின் முதல் பாடம் என்று நான் அதைத்தான் சொல்வேன்.

தொழிலாளர் துறைக்கு இதற்கென்றே ஒரு மானியத் திட்டம் உண்டு, 1987 சட்டத்தில் வந்தது. அதை நடத்துகிறவர்கள் வகுப்பு எடுப்பதோடு நிற்பதில்லை. இரும்பு முனைக் காலணி, கருவிப்பெட்டி, பஸ் அட்டை, முதல் சம்பளம் வரும்வரை மதிய உணவு. முதல் சம்பளம் இரண்டு வாரம் கழித்துத்தான் வரும் என்பதை மாதச் சம்பளக்காரர்கள் மறந்துவிடுகிறோம். வேலை கிடைத்து, முதல் சம்பளத்துக்கு முன்பே பஸ்ஸுக்குக் காசில்லாமல் வேலையை விட்டவர் உண்டு.

ஆகவே பயிற்சிக்குக் கொடுப்பதென்றால் பயிற்சிக் கட்டணத்துக்குக் கொடுக்காதீர்கள். அதற்கு அரசுப் பணம் கிடைக்கும். காலணிக்குக் கொடுங்கள்.

மார்ச் 9

பெண்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒரு சகோதரி கேட்டது நியாயம். எண்ணிக்கையில் குறைவு என்பதாலேயே அவர்களுக்கான இடமும் குறைவு. பிள்ளையோடு வருகிற தாயை ஆண்கள் கூடத்தில் வைக்க முடியாது. படையில் இருந்தபோதே பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களை அதே சீருடைப் பேச்சும் சிரிப்பும் நிறைந்த இடத்தில் கொண்டுபோய் விடுவதும் தவறு. பலர் தங்குமிடத்துக்கே வராமல் தோழியின் வீட்டுச் சோபாவிலும் காரிலும் காலம் தள்ளுகிறார்கள். சோபாவில் படுப்பவரை ஜனவரி எண்ணிக்கை எண்ணாது.

அதோடு நாய். நாயை வெளியே விட்டுவிட்டு வா என்றால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். நானும் போவேன்.

ஏப்ரல் 13

லாஸ் ஏஞ்சலிஸ்காரர் ஒருவர் "இங்கே வி.ஏ. வளாகத்துக்கு வெளியே கூடாரம் போட்டு வாழ்ந்தார்களே" என்று நினைவூட்டியிருக்கிறார். தெரியாதவர்களுக்காக: 1888இல் ஊனமுற்ற படைவீரர்களுக்கு இல்லம் அமைக்கத் தனியார் தானமாகக் கொடுத்த நிலம் அது. இன்று 388 ஏக்கர். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அங்கே வாழ்ந்தார்கள். பிறகு கட்டடங்கள் பாழாகி, நிலத்தின் பகுதிகள் குத்தகைக்குப் போயின. தனியார் பள்ளியின் விளையாட்டுத் திடல், பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் மைதானம், வாகன நிறுத்தம். வேலிக்கு வெளியே நடைபாதையில் படைவீரர்களின் கூடாரங்கள், 2021 நவம்பரில் அகற்றப்படும்வரை. 2024 செப்டம்பரில் நீதிபதி டேவிட் கார்ட்டர் அந்தக் குத்தகைகள் செல்லாது என்றார். ஏற்கெனவே சொன்னதற்கு மேல் 1,800 நிரந்தர வீடுகளும் 750 தற்காலிக இடங்களும் கட்டச் சொன்னார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

அந்த வழக்கில் என்னைப் பிடித்த விஷயம் வேறு. அங்கே கட்டிய வீடுகள் பல குறைந்த வருமானக்காரர்களுக்கான நிதியில் கட்டியவை. ஊனத்தொகையை வருமானமாகக் கணக்கிட்டார்கள். ஆகவே நூறு சதவிகித ஊனம் உள்ளவர் அந்த வீட்டுக்கு "பணக்காரர்" ஆகிவிட்டார். அதிகம் அடிபட்டவருக்குத்தான் வீடு இல்லை. 2024 ஆகஸ்டில் வீட்டுவசதித் துறை இதைத் திருத்தியது: தகுதி பார்க்கும்போது பணிசார்ந்த ஊனத்தொகையைச் சேர்க்க வேண்டாம் என்று. இத்தனை ஆண்டு ஒருவருக்கும் உறைக்கவில்லையா என்றால், உறைத்தது, எழுதிப்போட்டார்கள், கோப்பு நகரவில்லை.

மே 11

லாஸ் ஏஞ்சலிஸின் அந்த 388 ஏக்கருக்கு இப்போது ஜனாதிபதியின் புது ஆணை: 2028க்குள் 6,000 பேர் வரை தங்க வைக்கும் தேசிய மையம் அங்கே வரும் என்று வெள்ளிக்கிழமை கையெழுத்தாகியிருக்கிறது. வரட்டும். லாஸ் ஏஞ்சலிஸ்காரர் மகிழ்ச்சியில் இனிப்புப் படம் போட்டிருக்கிறார். நான் கணக்குப்பிள்ளை, ஒதுக்கீட்டு எண் வந்த பிறகு இனிப்பு சாப்பிடுகிறேன்.

மே 18

இழை எங்கோ போகிறது, இருந்தாலும் இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. ஊரிலிருந்து ஒரு பெரியவர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், "நம் நாட்டில் முன்னாள் படைவீரன் தெருவில் நிற்க மாட்டான்" என்று எழுதியிருக்கிறார். ஐயா, உங்கள் தலைமுறைக்கு அது பெரும்பாலும் சரி. மாதாமாதம் ஓய்வூதியம், மருத்துவ அட்டை, கேண்டீன், மாவட்டத்துக்கு மாவட்டம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். 1949 முதல் டிசம்பர் 7 அன்று கொடிநாள் நிதி. ஓய்வூதியம் என்ற ஒன்று எவ்வளவு பேரைத் தாங்கிப் பிடிக்கிறது என்பது பெரும்பாலோருக்கு அது கிடைக்காத நாட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரிகிறது.

ஆனால் 2022இல் அக்னிபத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம் வந்துவிட்டது. நான்கு ஆண்டு பணி. நூற்றில் 25 பேரைத்தான் தொடர வைப்பார்கள். மற்றவர்களுக்குச் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் மொத்தமாக. ஓய்வூதியம் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. துணை ராணுவத்திலும் காவல்துறையிலும் இட ஒதுக்கீடு என்கிறார்கள். முதல் அணி 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலுமாக வெளியே வரும். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது, கையில் மொத்தப் பணம், அக்காவுக்குத் திருமணம், அப்பாவுக்குக் கடன். நான்காண்டில் வெளியே வந்தவரின் கதை எப்படிப் போகும் என்று எங்கள் கிடங்கில் தினமும் பார்க்கிறேன். நம் ஊரில் குடும்பம் தாங்கும் என்பீர்கள். தாங்கும், சில காலம். அங்கே இருப்பவர்கள் மாவட்ட நல அலுவலகத்தின் கதவு இவர்களுக்கும் திறக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

ஜூன் 1

தம்பியின் அலுவலகத்தில் பணம் திரண்டுவிட்டதாம். எப்படிக் கொடுப்பது என்று கேட்கிறார். போனில் "படைவீரர் நிதி" என்று உருக்கமாகப் பேசுகிறவருக்குக் கொடுக்காதீர்கள். 2018 ஜூலையில் மத்திய வர்த்தக ஆணையமும் மாநிலங்களும் சேர்ந்து போலிப் படைவீரர் நிதிகள் மீது நூற்றுக்கும் மேற்பட்ட நடவடிக்கைகளை அறிவித்தன. அந்த வியாபாரம் செழிக்கக் காரணமே நம் போன்றவர்களின் கண்ணீர்தான்.

501(சி)(3) பதிவு, அதாவது வரிவிலக்குள்ள தொண்டு நிறுவனம் என்ற பதிவு, இருக்கிறதா என்று பாருங்கள். வரித்துறையில் தாக்கல் செய்யும் 990 படிவம் பொது ஆவணம், யாரும் பார்க்கலாம். நிர்வாகச் செலவு எத்தனை சதவிகிதம் என்று மட்டும் பார்த்து ஓடிவிடாதீர்கள். நிதி திரட்டித் தருகிறவர்களுக்கு எவ்வளவு போகிறது, மானியமாக எவ்வளவு வருகிறது, கையிருப்பு எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்று பாருங்கள். பிறகு நேரில் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: போன ஆண்டு வீட்டில் ஏற்றியவர்களில் எத்தனை பேர் இன்னும் அதே வீட்டில் இருக்கிறார்கள்? "பார்த்துச் சொல்கிறோம்" என்று சொல்லி உண்மையிலேயே பார்த்துச் சொன்னால் கொடுக்கலாம். எண்ணிக்கையே வைத்திருக்காதவர்களுக்கு வேண்டாம்.

கொடுக்கும்போது "இதற்கு மட்டும்" என்று கட்டிப்போடாதீர்கள். போன ஆண்டு ஒருவர் போர்வைக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஜூலை மாத ஹூஸ்டனில் கிடங்கு நிறையப் போர்வை, முன்பணத்துக்குக் காசில்லை. உங்கள் நிறுவனம் ஊழியர் நன்கொடைக்கு இணையாகத் தானும் கொடுக்குமா என்று மனிதவளத் துறையில் கேளுங்கள். பலர் அந்தப் படிவத்தைப் போடாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஜூன் 3

நியூ ஜெர்சியிலிருந்து கேட்டவருக்கு: தெருவில் ஒருவரைப் பார்த்தால் எங்கள் நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பயனில்லை, நாங்கள் ஹூஸ்டனில் இருக்கிறோம். வீடற்ற படைவீரர்களுக்கான தேசிய அழைப்பு மையத்தின் எண் 877-424-3838, இரவு பகல் எந்நேரமும். உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசினால் 988 அழுத்தி, பிறகு 1. அவரிடம் போன் இல்லையென்றால் உங்கள் போனில் ஒலிபெருக்கியைப் போட்டு அவரையே பேச விடுங்கள், அவருக்காக நீங்கள் பேசாதீர்கள். திரும்ப அழைக்க ஓர் எண் கேட்பார்கள். அவர் தினமும் போகும் உணவுக்கூடமோ நூலகமோ இருந்தால் அதைச் சொல்லச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பேனாவால் எழுதினால் மழையில் கரையும், பென்சிலால் எழுதுங்கள்.